வெயில், மழை, மலைப் பாதை: உயர்திறன் கார் டயர் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஓடும் கார் ஒரே ஆண்டுக்குள் மூன்று வகைச் சாலைகளைச் சந்திக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது, தார்ப் பரப்பின் வெப்பம் 60 டிகிரியைக்கூடக் கடந்துவிடும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையிலும் கடலூரிலும் சாலையோரம் தண்ணீர் தேங்கி நிற்கும். விடுமுறைக்கு ஊட்டிக்கோ வால்பாறைக்கோ ஏறினால் குளிரும் மூடுபனியும் ஈரமான கொண்டை ஊசி வளைவுகளும் காத்திருக்கும்.

இந்த மூன்றில் எதை மனத்தில் வைத்து டயர் வாங்குவது? மழையை என்பதே என் உறுதியான கருத்து. காய்ந்த சாலையில் நல்ல நிலையில் உள்ள எந்தத் தரமான டயரும் ஓரளவு பிடித்து நிற்கும். டயருக்கும் டயருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுவது நனைந்த சாலையில் பிரேக்கை அழுத்தும்போதுதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. விளம்பரங்கள் உயர்திறன் என்றதும் வேகத்தைக் காட்டுகின்றன. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு உயர்திறன் என்பது மழையில் சில மீட்டர் முன்னதாக நின்றுவிடுவது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சில மீட்டர்களுக்காகத்தான்.

முதல் படி: உங்கள் காருக்கு உரிய அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களின் உயர்வகைகளில் வரும் 205/55 ஆர்16 91வி என்ற அளவை எடுத்துக்கொள்வோம்.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்பது ரேடியல், அதாவது உள்ளிழைகள் டயரின் குறுக்கே ஓடும் கட்டமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 91 சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசி எழுத்து வேகக் குறியீடு. டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர்.

நம் நான்குவழிச் சாலைகளில் கார்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பே 100 கிலோமீட்டர், பிறகு 240 எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வேகமாகச் சுழலும் டயர் சூடாகிறது. அதிக வேகக் குறியீடு பெற்ற டயர் அந்தச் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டது. மே மாதப் பகலில், ஐந்து பேரும் பெட்டிகளுமாகத் தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓடும் காருக்கு அந்தத் தாங்கும் திறன் வேண்டும். ஆகவே ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைந்த சுமைக் குறியீடோ வேகக் குறியீடோ கொண்ட டயரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். அதிகமாக இருந்தால் தவறில்லை.

இரண்டாம் படி: எந்தப் பருவத்துக்கான டயர்?

உலகச் சந்தையில் கோடை டயர், குளிர்கால டயர், எல்லாப் பருவ டயர் என்று மூன்று வகை உண்டு. பெயரைப் பார்த்ததும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நமக்கு எல்லாப் பருவ டயர்தான் பொருத்தம் என்று தோன்றும். அது சரியல்ல. அந்த வகை, பனி விழும் நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்ற விரும்பாதவர்களுக்காக உருவானது. காற்றின் வெப்பம் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போகும்போது கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி குளிர்கால டயரின் ரப்பரைச் செய்கிறார்கள். எல்லாப் பருவ டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குளிருக்காக நெகிழ்த்திய ரப்பர் நம் வெயிலில் விரைவாகத் தேயும், வளைவுகளில் தளர்வாக நடந்துகொள்ளும்.

பக்கச்சுவரில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்திருந்தால் அந்த டயர் கடும் பனிச் சோதனையில் தேறியது. மணாலியிலோ லடாக்கிலோ குளிர்காலத்தில் ஓட்டுகிறவருக்கு அது தேவை. ஊட்டியில் உறைபனி விழும் மார்கழி, தை அதிகாலைகளில் மெதுவாக ஓட்டினால் போதும். சில விடியற்காலைகளுக்காக ஆண்டு முழுவதும் தவறான ரப்பரில் ஓட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குத் தேவை, ஈரப்பிடிப்பில் சிறந்த கோடை டயர். கோடை டயர் என்பதால் மழைக்கு ஆகாது என்று எண்ண வேண்டாம். மழைக்காலச் சாலை நனைந்திருந்தாலும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் இந்த ரப்பர் அங்கேதான் தன் முழுத் திறனையும் காட்டும்.

மூன்றாம் படி: ஈரப்பிடிப்பை எடைபோடுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். காரின் முழு எடையும் அப்படிப்பட்ட நான்கு திட்டுகளில் நிற்கிறது. அந்தத் திட்டுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் டயரைத் தூக்கிவிட்டால் கார் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அந்தக் கணத்தில் ஸ்டியரிங் திடீரென்று இலகுவாகிவிடும், பிரேக்கும் பயன்தராது.

இது எந்த வேகத்தில் நடக்கும் என்பதற்கு 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு கணக்கு வகுத்தார்கள். டயரின் காற்றழுத்தத்தைப் பிஎஸ்ஐ அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 33 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 96. காற்று இறங்கி 25 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் 83. கார் டயரில் அகலம், பட்டனின் (சாலையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளங்களும் கட்டிகளும்) ஆழம், தேங்கிய தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்து இந்த எண்ணை மாற்றும். ஆனாலும் காற்றைக் கவனிக்காமல் விட்டால் மழையில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

டயரைக் கையில் எடுத்ததும் சுற்றுவட்டமாக ஓடும் நீளமான பள்ளங்களைப் பாருங்கள். தண்ணீரை வெளியேற்றும் முக்கியக் கால்வாய்கள் அவைதான். அகலமான மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் தெளிவாக ஓட வேண்டும். பட்டன் அமைப்பில் மூன்று வகை உண்டு. இருபுறமும் ஒரே மாதிரி இருப்பது சாதாரண வகை. அம்பு முனை போல ஒரே திசை நோக்கி அமைந்தது தண்ணீரை வேகமாக வாரி ஒதுக்கும். ஆனால் வலப்பக்க டயரை ரிம்மிலிருந்து கழற்றாமல் இடப்பக்கம் மாற்ற முடியாது. மூன்றாவது வகையில் உட்பாதி ஒரு விதமாகவும் வெளிப்பாதி வேறு விதமாகவும் இருக்கும். பெரும்பாலும் உட்பாதி தண்ணீரைக் கடத்துகிறது, வெளிப்பாதியின் பெரிய கட்டிகள் வளைவில் காரைத் தாங்குகின்றன. மழையும் மலையும் கலந்த நம் ஓட்டத்துக்கு நான் இந்த மூன்றாவது வகையையே பரிந்துரைப்பேன்.

பட்டன் தண்ணீரை ஒதுக்கிய பிறகும் மெல்லிய ஈரப்படலம் எஞ்சும். அதைத் தாண்டிச் சாலையைப் பிடிப்பது ரப்பர்க் கலவையின் வேலை. முன்பெல்லாம் ரப்பரில் முக்கியமாகக் கரித்தூள்தான் சேர்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் சிலிகா என்ற மணல் வகைத் தூள் கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரத்தில் பிடிப்பும் கூடியது, எரிபொருள் செலவும் குறைந்தது. இன்று தரமான கார் டயர்கள் பெரும்பாலானவற்றில் சிலிகா உண்டு. எவ்வளவு, எப்படிக் கலக்கிறார்கள் என்பதில்தான் விலை வேறுபாட்டின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது.

கண்ணால் பார்த்து ரப்பரின் குணத்தைக் கண்டறிய முடியாது என்பதால் தரவரிசைகளை நாட வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் குறித்த லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் பார்க்கும் டயரின் அதே அளவுக்கு அந்தத் தரம் என்ன என்று இணையத்தில் தேடுங்கள். ஒரே பெயரில் இந்தியாவில் தயாராகும் டயரின் கலவை வேறாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் நாட்டிலும் ஈரப்பிடிப்பு, உருளும் தடை, ஒலி ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவுகளைக் கட்டாயமாக்கும் விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022இல் அறிவித்தது. அது தேர்ச்சி மதிப்பெண் மட்டுமே; சிறந்ததை அது பிரித்துக் காட்டாது.

நான்காம் படி: பக்கச்சுவரில் உள்ள மூன்று தரங்கள்

பல டயர்களின் பக்கச்சுவரில் அமெரிக்க முறைப்படி மூன்று தரங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: தேய்மானம் ஓர் எண்ணாக, இழுவை ஏஏ முதல் சி வரை, வெப்பம் ஏ முதல் சி வரை.

தேய்மான எண் 100 பெற்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து அளக்கிறார்கள். 400 என்றால் அந்தச் சோதனையில் அடிப்படை டயரைப்போல் நான்கு மடங்கு உழைக்கும் என்பது கணக்கு. எண்ணைத் தருவது தயாரிப்பாளரே என்பதால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற விளையாட்டு வகை டயருக்கு இந்த எண் 320. நெடும்பயண வகைகளுக்கு 400, 500 என்று இருக்கும். பிடிப்பு கூடினால் ஆயுள் குறையும் என்பது பொதுவான நியதி. ஒரு டயர் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மழையில் அது எப்படி நிற்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

இழுவைத் தரம் நனைந்த பரப்பில் நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளக்கப்படுகிறது. வளைவில் எப்படி என்பதை அது சொல்லாது. ஏஏ அல்லது ஏ இருக்கட்டும். வெப்பத் தரத்தில் ஏ தவிர வேறெதையும் நம் ஊர் வெயிலுக்கு நான் ஏற்கமாட்டேன்.

ஐந்தாம் படி: எந்த ரகம் உங்களுக்கு?

பெரிய நிறுவனங்கள் எல்லாமே இரண்டு உயர்ரக வரிசைகளை விற்கின்றன. மிஷெலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, குட்இயர் ஈகிள் எஃப்1, யோகோஹாமா அட்வான் போன்றவை விளையாட்டு வரிசை. மிஷெலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், யோகோஹாமா புளூஎர்த் ஜிடி போன்றவை நெடும்பயண வரிசை. உள்நாட்டு நிறுவனங்களில் எம்ஆர்எஃப் பெர்ஃபின்சாவையும், அப்போலோ 2009இல் வாங்கிய டச்சு நிறுவனமான வ்ரெடஸ்டைனின் டயர்களையும் இந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்கலாம்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறவர், தினமும் நகரத்தில் ஓட்டுகிறவர், ஆண்டுக்கு ஓரிரு முறை மலை ஏறுகிறவர் எல்லோருக்கும் நல்ல ஈரத் தரமுள்ள நெடும்பயண டயர் போதும். அதில் சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், குண்டு குழிகளையும் பொறுத்துக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ரசித்து ஓட்டுகிறவர், டர்போ என்ஜின் காரின் முழு வலிமையையும் பயன்படுத்துகிறவர் விளையாட்டு வரிசைக்குப் போகலாம். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஸ்டியரிங் சொன்னதை உடனே கேட்கும். ஆனால் விரைவில் தேயும், விலையும் கூடுதல், சாலையின் ஒவ்வொரு மேடும் முதுகுக்குத் தெரியும்.

வெளிநாட்டு முத்திரை இருந்தால்தான் தரம் என்று எண்ணாதீர்கள். எம்ஆர்எஃப்பின் தலைமையகம் சென்னையில். அப்போலோவின் பெரிய ஆலை ஒரகடத்தில். மேலும், 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, சில அளவுகளில் நீங்கள் விரும்பும் வெளிநாட்டு டயர் கிடைக்காமலே போகலாம். உங்கள் அளவில் தடையின்றிக் கிடைக்கும் இரண்டு, மூன்று டயர்களுக்குள் தேர்வு செய்வதே நடைமுறைக்கு உகந்தது. ஒன்று பழுதானால் அதே டயர் மறுபடியும் கிடைக்க வேண்டுமல்லவா?

பெரிய ரிம் ஆசை

பதினேழு அங்குல அலாய் வீல் போட்டால் கார் அழகாகத் தெரிகிறது, மறுக்கவில்லை. 205/55 ஆர்16க்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டரிலிருந்து 634 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் கணக்குக் கெடாது. காய்ந்த வளைவில் பிடிப்பும் சற்றுக் கூடும். ஆனால் அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் முன்னதாகவே மிதக்கும். பக்கச்சுவர் குட்டையாவதால் மழைத் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் குழியில் விழும்போது டயரும் ரிம்மும் அடிபடும் வாய்ப்பு அதிகம். நம் சாலைகளுக்குக் கம்பெனி கொடுத்த அளவிலேயே, ஆனால் அதைவிடச் சிறந்த டயர் போடுவது பணத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லது.

ஆறாம் படி: கடையில் பார்க்க வேண்டியவை

பக்கச்சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த டயரைத் தவிருங்கள். நான்கு டயர்களையும் தனித்தனியே பாருங்கள். மூன்று புதியதும் ஒன்று பழையதுமாகக் கலந்து வருவதுண்டு. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். பில்லில் டயரின் வரிசை எண்களை எழுதி வாங்குங்கள். பக்கச்சுவர் வீங்கினால் உத்தரவாதம் கேட்க அதுவே ஆதாரம்.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். பல கடைகளில் முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் போடுவோம் என்பார்கள். முன் டயர் மழையில் வழுக்கினால் கார் நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின் டயர் வழுக்கினால் காரின் பின்புறம் சுழன்று வரும். பழகிய ஓட்டுநருக்கே அதை அடக்குவது கடினம். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

பொருத்தும்போது அருகிலேயே நில்லுங்கள். வெளிப்பக்கம் என்று எழுதியிருப்பது வெளியே தெரிகிறதா, அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். புதிய வால்வு, வீல் பேலன்சிங், அலைன்மென்ட் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். நைட்ரஜனுக்குத் தனிப் பணம் கேட்டால் கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பது அதைவிட அதிகப் பலன் தரும்.

ஏழாம் படி: காற்றும் தேய்மானமும்

வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து இரண்டு, மூன்று பிஎஸ்ஐ குறைத்து வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது ஆபத்தானது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த மடிப்பே சூட்டை உண்டாக்குகிறது; சூடு உள்ளடுக்குகளின் பிணைப்பைத் தளர்த்துகிறது. குறைந்த காற்றும் அதிகச் சுமையும் அதிக வேகமும் சேரும்போதுதான் டயர் வெடிக்கிறது. ஓடும்போது நான்கைந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. ஸ்டிக்கரில் உள்ள அளவு அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடையுங்கள். முழுச் சுமைக்கென்று ஸ்டிக்கரில் தனி அளவு இருந்தால் குடும்பப் பயணத்துக்கு அதையே வையுங்கள்.

மலை ஏறும்போது என்ன செய்வது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவதால் டயரின் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்ட வேண்டும். அதே நேரத்தில் 35 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கும் குளிர் ஏறக்குறைய மூன்றரை பிஎஸ்ஐயைக் குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் கீழே சரியாக வைத்த காற்றை மேலே தொட வேண்டியதில்லை. குறிப்பாக, ஏறி முடித்த சூட்டில் அளந்துவிட்டுக் காற்றை இறக்காதீர்கள்.

புதிய டயரில் பட்டன் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டும். மழைக்கு அந்த வரம்பு போதாது. புரட்டாசியில் ஓர் ஆழமானியால் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தை மாதம் வரை இழுத்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். பட்டன் நிறைய இருந்தாலும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது.

புதிய டயரின் மேல், ஆலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய வழவழப்பு சில நாட்கள் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, குறிப்பாக நனைந்த சாலையில், நிதானமாக ஓட்டுங்கள். கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதல் அரைமணி நேரமும் அப்படித்தான்: தாரில் படிந்த எண்ணெயும் தூசும் தண்ணீரோடு கலந்து மேலே வரும்போது எந்த டயரும் வழுக்கும்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள். அப்போது ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துக் காற்றையும் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிட ஒல்லியாக இருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் வேக வரம்பு பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான்.